பழைய படம் இல்லை

“முன்னாடி எடுத்த படம் எதாவது இருக்குதாம்மா?” என்று ஸ்கேன் சென்டர் பெண் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் என் மண்டையின் பழைய படங்கள் அத்தனையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையில், பெஞ்சுக்கு அடியில், ஒரு மல்லாட்டைக் கோணிக்குள் படுத்திருந்தன. “சாம்பிள் மூட்டை, கொஞ்சம் பாத்துக்கங்க” என்று டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் என் கணவர் சுப்பராயலு என்னை உள்ளே அழைத்து வந்திருந்தார். விழுப்புரத்தில் அன்றைக்கு ஒரே இரைச்சல். விக்கிரவாண்டி இடைத்தேர்தலுக்காக மைக் கட்டிய ஆட்டோக்கள் இங்கே வரைக்கும் வந்து கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவள் அடுத்த கேள்வியை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

“ஆபரேஷன் பண்ணினதுக்கு அப்புறம் கரண்ட் வச்சாங்களா?”

எங்கள் பக்கத்தில் கதிர் சிகிச்சைக்குக் கரண்ட் வைப்பது என்றுதான் பெயர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “இல்லம்மா. வெறும் ஆபரேஷன் தான்.”

அவள் என் இடது காதுக்கு மேலே பார்த்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காமல் இருந்தது. கதிர் நுழைந்த வாசல் அது. நான் முந்தானையை இழுத்துத் தலையைச் சுற்றிக்கொண்டேன். அவள் எதையோ எழுதிவிட்டு, கம்மல், மூக்குத்தி, தாலிச் சரடு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக வாங்கிக் கைக்குட்டையில் முடிந்தார். பெண்டாட்டியின் தாலியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆள் அவர். பிறகு நான் அந்தக் குழாய்க்குள் படுத்தேன். மெஷின் தட்டத் தொடங்கியது. ‘பொய் சொல்லாதே’ என்று பிள்ளைகளை முட்டிபோட வைத்திருக்கிற வாத்தியாரம்மா, பொய்யைச் சொல்லிவிட்டு ஆடாமல் அசையாமல் படுத்துக்கிடந்தேன். ஆடினால் படம் கெட்டுவிடும் என்று எச்சரித்திருந்தார்கள்.

என் பெயர் தையல்நாயகி. திண்டிவனத்தில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. வைத்தியம் பார்க்கிற சாமியின் பெண்டாட்டி பெயரை எனக்கு வைத்தும் வியாதி என்னவோ தேடி வந்துவிட்டது. சுப்பராயலுவுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். திண்டிவனம் கமிட்டியிலும் விழுப்புரம் கமிட்டியிலும் மூட்டை எடுப்பார். கமிட்டி என்றால் விவசாயிகள் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகிற அரசாங்க விற்பனைக்கூடம். அங்கே விலையைக் கூவி ஏலம் கேட்பதில்லை. வியாபாரிகள் குவியல் குவியலாகச் சுற்றி வருவார்கள், ஒரு கை அள்ளுவார்கள், நான்கு காயை உடைத்துப் பருப்பைப் பார்ப்பார்கள், பருப்பில்லாத பொக்கு எத்தனை என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். முகத்தில் ஒரு ரேகை அசையாது. விலையைச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய் டீ குடிப்பார்கள். அப்புறம்தான் பெட்டியைத் திறப்பார்கள். இவர் அதிலேயே ஊறிப்போனவர். “முன்னாடி வந்தவன் இன்னா வெல போட்டான்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அடுத்தவன் சரக்க தன் கண்ணால பாக்கமாட்டான்” என்பார். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் இருந்து கழிவறைக்கு டைல்ஸ் போடுவது வரைக்கும் இதே முறைதான். மூன்று கடை ஏறுவார், ஒரு கடையில் சொன்னதை இன்னொரு கடையில் மூச்சுவிட மாட்டார். வீட்டில் அடுக்கியிருக்கும் டைல்ஸைப் பார்த்தால் அந்த முறையில் குற்றம் சொல்லவும் முடியாது.

என் தலைக்கும் அதையே செய்தார்.

போன வருஷக் கடைசியில் எனக்கு வார்த்தை தட்டத் தொடங்கியது. வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு சாதாரணச் சொல் கைக்கு எட்டாமல் போகும். கரும்பலகை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் கறுப்பு, அந்தக் கறுப்பு என்று நிற்பேன். பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள் மதியம் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தேன். மூளையின் இடதுபக்கத்தில் கட்டி. சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி இருந்ததால் முழுவதும் எடுக்கவில்லை, கொஞ்சம் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்ததைச் சுட வேண்டும். சாதாரணக் கதிர் வைத்தால் அது கட்டியைத் துளைத்துக்கொண்டு நல்ல மூளைக்குள்ளும் போகும், புரோட்டான் என்று ஒன்று வந்திருக்கிறது, அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்றார் டாக்டர் அருணா. கதிர் சிகிச்சை டாக்டர் அவர்தான். அவசரப்படாத பெண்மணி, கேள்வி கேட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

“நிக்கிற எடத்துல இன்னா ஆகும்?” என்று சுப்பராயலு கேட்டார்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. “நல்லா கேட்டீங்க. போற வழியில கொஞ்சமாத்தான் எறக்கும். நிக்கிற எடத்துல மொத்த வேகத்தையும் எறக்கிடும்” என்றார். இவர் அப்போதே புருவத்தைச் சுருக்கினார். பைபாஸ் பக்கத்து மனையை விற்றுவிட்டு வந்திருந்தோம். அதனால் திரும்பிப் போகவும் வழியில்லை.

அந்தக் கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லை. நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் காலையில் லாரி வந்தால்தான் குளியல். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவேன், முகத்துக்கு அச்சாகச் செய்த வலை முகமூடியை மாட்டி மேசையோடு சேர்த்து இறுக்குவார்கள், எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். வலிக்காது. சுடாது. ஒரு வெளிச்சமும் இருக்காது. வெளியே வந்ததும் இவர் என்னைத் தனியே அழைத்து, “எதுனா தெரிஞ்சுதா?” என்பார். இல்லை என்பேன். “ஒண்ணுமே தெரியலன்னா உள்ள இன்னா தான் வுடறாங்க? மெஷின ஆன் பண்றாங்களா இல்லியா?” என்று அங்கிருந்த டெக்னீஷியனையே ஒருநாள் கேட்டுவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. லாட்ஜுக்கு வந்து சிரித்தேன். ஆனால் முடி கொட்டத் தொடங்கியபோது இவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஏதோ நடந்திருக்கிறது என்பதற்குக் கையில் பிடிக்க ஒரு சாட்சி கிடைத்துவிட்டதல்லவா.

புரட்டாசியில் மறுபடி படம் எடுத்தார்கள். அதில்தான் அந்த வெள்ளை இருந்தது. ஊசி மருந்து போட்டு எடுத்த படத்தில், ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு, ஓரம் மட்டும் பளிச்சென்று. டாக்டர் அருணா கம்ப்யூட்டரில் என் மூளையின் மேல் கலர் கலராகக் கோடுகளைப் போட்டுக் காட்டினார். கதிர் எங்கெங்கே எவ்வளவு இறங்கியது என்பதற்கான கோடுகள். “கட்டிய விட்டுவச்ச எடம் இது. வெள்ளை அங்க இல்ல. கதிர் போய் நின்ன ஓரத்துல இருக்கு. அதனால கதிரால வந்த காயமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கட்டி திரும்புதுன்னாலும் இப்படித் தெரியலாம். இப்ப உறுதியாச் சொல்ல மாட்டேன். வீக்கத்துக்கு மாத்திரை தர்றேன், ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம்” என்றார்.

லிஃப்ட்டில் கீழே வந்ததும் சுப்பராயலு பேசினார். “கட்டின்னு சொன்னா அவங்க மெஷினு தோத்துப்போச்சுன்னு அர்த்தம். காயம்னு சொன்னா அவங்க மெஷினு சுட்டுடுச்சுன்னு அர்த்தம். ரெண்டையும் சொல்லாம ரெண்டு மாசம் பொறுங்கறாங்க. இன்னாத்துக்கு? நாம மறந்துடுவோம்னா?”

அப்படித்தான் விழுப்புரம் ஸ்கேன் சென்டர். திண்டிவனத்தில் எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அங்கே போனோம். பழைய படத்தைப் பார்த்தால் சென்னைக்காரர்கள் சொன்னதையே இவர்களும் சொல்லிவிடுவார்கள், கரண்ட் வைத்தது தெரிந்தால் அதன் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள், ஒன்றும் தெரியாத ஆள் தன் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும் என்பது அவருடைய வாதம். எனக்கும் அது அப்போது நியாயமாகத்தான் பட்டது. சந்தேகக்காரனோடு குடித்தனம் நடத்தினால் அவன் சந்தேகத்துக்கெல்லாம் ஒரு நியாயம் இருப்பதுபோலவே தோன்றும்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஸ்கேன் சென்டர் டாக்டர் அரிபிரசாத் எங்களை உள்ளே கூப்பிட்டே சொன்னார். ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் பார்க்கிற பழக்கம். கட்டி திரும்ப வந்திருக்கிறது, முன்பைவிட வீரியமாகத் தெரிகிறது, தள்ளிப்போடாமல் மூளை ஆபரேஷன் டாக்டரைப் பாருங்கள் என்றார். சுப்பராயலு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கலங்கித்தான் போயிருந்தார். ஆனாலும் அந்தக் கலக்கத்துக்கு உள்ளே ஒரு ஓரத்தில், தான் நினைத்தது சரியாகப் போனவனின் திருப்தி இருந்தது. தாங்க முடியாத வெறுப்பு வந்தது எனக்கு. என் சாவில்கூட இந்த மனுஷன் ஜெயிக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

அந்த ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு சர்ஜனைப் பார்த்தோம். தீபாவளி கழிந்த வாரம் வியாழக்கிழமை வந்து சேரச் சொன்னார். பழைய பேப்பர் எல்லாம் வேண்டும் என்றார், “கொண்டாந்துடறேன் சார்” என்று இவர் சமாளித்தார். பேச்சு என்ன ஆகும் என்று நான் கேட்டேன். இந்தத் தடவை விட்டுவைக்க முடியாது, கொஞ்சம் உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும், பேச்சு பாதிக்கப்படலாம், சிலருக்குப் பயிற்சியில் திரும்பும் என்றார். எனக்குப் பேச்சு என்பது சம்பளம் மட்டும் இல்லை. காலையில் எழுந்ததும் பால்காரரோடு சண்டை போடுவதில் இருந்து, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஷாலினியைப் போனில் திட்டிக் கொஞ்சுவது வரைக்கும் நான் வாயால்தான் வாழ்கிறவள். கை போகட்டும் என்றால்கூடக் கொடுத்திருப்பேன். ஷாலினியிடம் நாங்கள் பாதிதான் சொல்லியிருந்தோம். மீதியை ஆபரேஷனுக்கு அப்புறம் நான் எதைக் கொண்டு சொல்வது என்ற எண்ணம் தீபாவளி அன்றைக்கு முறுக்கு சுற்றும்போது வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் என்னை அரித்தது. வீக்க மாத்திரை ஆரம்பித்ததில் இருந்து நான் நானாக இல்லை. அடங்காத பசி. எதற்கெடுத்தாலும் எரிச்சல். தலைமையாசிரியையிடம் ஒருநாள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, பேசியது யார் என்று எனக்கே திகைப்பாக இருந்தது. தூங்கி எழுந்ததும் சுப்பராயலு அசந்து தூங்குவதைப் பார்த்து, இவர் என் மேல் இருக்கும் அக்கறையில்தான் ஓடுகிறாரா, இல்லை தன் கணக்கு தப்பக்கூடாது என்று ஓடுகிறாரா என்று யோசித்தேன். உடனே, இப்படி யோசிப்பது நானா, அந்த வெள்ளையா என்றும் யோசித்தேன். மூளைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும்போது எந்த நினைப்பை நம்பி எந்த நினைப்பைத் தள்ளுவது? வயிற்றில் கட்டி வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வயிறு ஒன்றும் நினைக்காது.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை அவர் கமிட்டிக்குப் போனதும், பரணில் இருந்த கோணியை இறக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மாள் கோணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மல்லாட்டையா டீச்சர்? வெதைக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று நின்று போனது. நான் ஏன் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. தலையைத் திறக்கப் போகிறவர்களிடம் ஒரு பொய் மேல் படுக்கக்கூடாது என்பதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அரிபிரசாத் கோணிக்குள் இருந்து படங்களை எடுப்பதை வாயைத் திறந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், எதிர்க்கடை பெஞ்சையும் சேர்த்து. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“படிச்சவங்க தானம்மா நீங்க? கரண்ட் வச்சதப் போய் மறைப்பாங்களா? கரண்ட் பட்ட தோலு லேசுல ஆறாது. அது தெரியாம தொறந்துட்டு, தையல் ஆறாம சீழ் வச்சா அந்த சர்ஜன் இன்னா பண்ணுவாரு? நான் இன்னா பண்ணுவேன்? இது இன்னா வெளையாட்டா?”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் கோபத்தோடு ஒவ்வொரு படமாக வெளிச்சப் பெட்டியில் செருகினார். ஆபரேஷனுக்கு முன், பின், புரட்டாசியில் எடுத்தது, கடைசியாகத் தான் எடுத்தது. சென்னையில் கொடுத்த சி.டி.யையும் போட்டு அந்தக் கலர்க் கோடுகளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெகுநேரம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது. அது போனது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நான் எழுதினது தப்புன்னு சொல்ல முடியல. சரின்னும் இப்ப சொல்ல முடியல” என்றார். “கட்டியும் மருந்தக் குடிச்சு வெள்ளையாத் தெரியும். கருகின எடத்துல ரத்தக்குழாய் ஒழுகும், அதுவும் வெள்ளையாத் தெரியும். பழைய படத்தோட வச்சுப் பாத்தா தான் ஒரு மாதிரி புடிபடும்.”

“அன்னைக்குக் கட்டின்னு நிச்சயமா சொன்னீங்களே சார்?”

“நீங்க சொன்ன கதைக்கு அது தாம்மா பொருந்திச்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமிட்டியில் மறைப்பது இன்னொருவன் சொன்ன விலையை. நாங்கள் மறைத்தது விலையை இல்லை, சரக்கில் பாதியை. பாதிக் குவியலைக் காட்டிவிட்டு முழுக் குவியலுக்கு விலை கேட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இதை அந்த மனுஷனிடம் அவர் பாஷையிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியதும் மனசு லேசாகக்கூட ஆனது.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுத ஆரம்பித்தார். இரண்டு மாசம் பொறுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது என்று அவரும் எழுதினார். எழுதும்போது சென்னை ரிப்போர்ட்டின் அடியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, “அட, அருணாவா! எனக்கு சீனியரு. கெட்டிக்காரங்க” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் என் லேசான மனசு அங்கேயே நின்றுவிட்டது. இவர் படத்தைப் பார்த்து மாறினாரா, பெயரைப் பார்த்து மாறினாரா? பெயரை இப்போதுதான் பார்த்தாரா, முதலிலேயே பார்த்துவிட்டாரா? திருத்திய ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். நல்ல செய்தி என்று வைத்துக்கொள்ள வேண்டியதைக்கூட என்னால் நகத்தால் கீறிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுப்பராயலுவோடு இத்தனை வருஷம் இருந்து நானும் நன்றாகவே பழகிவிட்டேன்.

வீட்டில் சுப்பராயலு கை கால் கழுவிக்கொண்டிருந்தார். மல்லாட்டைத் தூசி காது மடல் வரைக்கும் இருந்தது. நான் சொல்லச் சொல்ல ஈரக் கையோடு அப்படியே நின்று கேட்டார். பாதிக் குவியல் கதையைச் சொன்னேன். அதைக் கேட்டு ஒரு கணம் தலையைக் குனிந்தார், புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு சீனியர் விஷயத்தையும் நானே சொல்லித்தொலைத்தேன்.

“பாத்தியா! சீனியரு!” என்று துள்ளினார். “சென்னையில இருந்து போன் வந்துருக்கும். இல்லன்னா ஒரே ஆளு ஒரே படத்தப் பாத்து அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொல்லுவானா?”

“அன்னைக்கு நாம பொய் சொன்னோங்க.”

“அத்த வுடு. நீ ஏன் எங்கிட்ட சொல்லாம போன?”

“சொன்னா வுட்டிருப்பீங்களா?”

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த முகத்தில் கோபம் இல்லை, வேறு ஏதோ இருந்தது. “எங்க அண்ணனுக்கு மஞ்சக்காமாலைன்னு மண்டகப்பட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்தோமே, அப்பவும் பொறு பொறுன்னு தான் சொன்னாங்க. பொறுத்துக்கினு இருந்தோம். பொணமாத்தான் எடுத்துக்கினு போனோம். இன்னொருவாட்டி என்னால பொறுக்க முடியாது நாயகி. வியாழக்கெழம போயிடலாம்.”

“இந்த சர்ஜனுக்குக் கரண்ட் வச்சதே தெரியாது. தெரிஞ்சா அவரே வேணான்னு சொல்லலாம். நான் வரலீங்க. ரெண்டு மாசம் பாக்கலாம்.”

“நீ இப்படி எதுத்துப் பேசறவ இல்ல.”

“இப்ப பேசறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் இருந்து நகர்ந்து, இடது காதுக்கு மேலே, முடி இல்லாத அந்த இடத்தில் பார்வை நின்றது. “இது நீ பேசல,” என்றார் மெதுவாக. “உள்ள இருக்கறது பேசுது.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? எந்தப் பதில் சொன்னாலும் அதையும் உள்ளே இருப்பதுதான் சொல்கிறது என்று ஆகிவிடும். கத்தினால் அது கத்துகிறது, அழுதால் அது அழுகிறது. சரி, வருகிறேன் என்று சொன்னால் மட்டும் அது நான். அதே கேள்வியை நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அவர் திருடி எடுத்துச் சொன்னது மாதிரி இருந்தது. “வியாழக்கெழம எனக்கு ஸ்கூல் இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.

வியாழக்கிழமை வரைக்கும் வீட்டில் தேவைக்குத்தான் பேசிக்கொண்டோம். புதன்கிழமை பள்ளியில் இருந்து வந்தபோது கூடத்தில் ஒரு பை இருந்தது. நைட்டி, துண்டு, ஃபிளாஸ்க், சீப்பு எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். அதில் என்ன வைக்க வேண்டும் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்ததே எனக்குக் கஷ்டமாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் நான் அந்தப் பையைத் தாண்டி என் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “ஜல்தியா வந்துடு, பத்து மணிக்குக் கார் சொல்லிருக்கேன்” என்றார், நான் ஏதோ கடைக்குப் போவதுபோல. பள்ளியில் கையெழுத்துப் போடும்போது என் கையெழுத்தையே கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். அது என்னுடையதுபோலத்தான் இருந்தது.

இரண்டாவது பீரியட் ஏழாம் வகுப்பு. கடலோரத்து மக்களைப் பற்றிய பாடம். வெளியே ஐப்பசி மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. நான் நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். மரக்காணம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து காற்றைப் பார்ப்பதை, வலையைச் சுருட்டித் தோளில் போடுவதை, படகை மணலில் தள்ளுவதை நடித்தே காட்டினேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அப்போதுதான் வராந்தாவில் அவரைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, சட்டை முழுக்க நனைந்து, தோளில் அந்தப் பையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. உள்ளே வரவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே எனக்கு வார்த்தை தட்டுகிறது என்று கவனிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

“படகு அலையத் தாண்டிடுச்சு. இப்ப அவங்க ரெண்டு பக்கமும் உக்காந்துக்கிட்டு, தண்ணியத் தள்ளறதுக்கு…” என்று சொல்லிக்கொண்டு போனவள் நின்றேன். அந்தச் சொல் வரவில்லை. மரத்தால் செய்தது, நீளமாக, நுனியில் தட்டையாக இருக்கும், அதன் ஈரம்கூட எனக்குக் கையில் தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. வகுப்பு முழுக்கக் கைகள் உயர்ந்தன. “டீச்சர், டீச்சர்” என்று எல்லோரும் எம்பினார்கள். “யாரும் சொல்லாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஓட்டு மேல் விழுகிற மழை மட்டும் கேட்டது. என்னால் பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. அவரைப் பார்த்தேன்.

அவர் பையைத் தோளில் இருந்து முழங்கைக்கு இறங்க விட்டிருந்தார். இரண்டு முஷ்டியையும் மார்புக்கு நேராகப் பிடித்து முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். மறுபடி தள்ளினார், இழுத்தார். கமிட்டியில் ஒரு ரேகை அசையாத முகம், கண்ணை விரித்து உதட்டைக் குவித்துக்கொண்டு என்னைக் கெஞ்சியது. சொல்லை எடுத்துக் கொடுக்கிறாரா, பார், உனக்கு வரவில்லை என்று காட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கின. அவர் நிறுத்தவில்லை. முழங்கையில் ஆஸ்பத்திரிப் பை ஆட ஆட, வேகவேகமாக, அந்த வராந்தாத் தண்ணீரில் நின்றபடி தள்ளிக்கொண்டே இருந்தார். நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அவர் கைகளையே பார்த்து நின்றேன்.